பரம்பரைப் புற்றுநோய்: மறைக்காமல் கேளுங்கள்



"சோதிச்சுப் பார்த்தா ஊருக்குத் தெரிஞ்சிடும், அப்புறம் பொண்ணை யாரு கட்டுவா?" மார்பகப் புற்றுநோய் கண்ட தாய்மார் பலரின் கவலை இது.

இந்நோய் கண்ட 100 பேரில் 5 முதல் 10 பேருக்கே பரம்பரையாய் வருகிறது. 1994, 1995-ல் கண்டறிந்த இரு மரபணுக்களின் பழுதே அதற்கு முக்கியக் காரணம். தாய்க்கோ தகப்பனுக்கோ அது இருந்தால், பிள்ளைக்கு இறங்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆகவே, "உன் வீட்டுச் சீக்கு" என்று மனைவியைப் பழிக்காதீர்கள்.

முதலில் நோய் கண்டவருக்கே இரத்தப் பரிசோதனை. பழுது தெரிந்தால் மகளையும் சோதிக்கலாம். மகளுக்கு இல்லையெனில் பரம்பரைப் பயம் தீரும். இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்பதில்லை, முன்கூட்டியே கவனித்துக் காக்கலாம். முடிவை உங்கள் சம்மதமின்றி மருத்துவர் வெளியிடக் கூடாது.

தில்லை நகரிலோ திருவரங்கத்திலோ சிகிச்சை பெறுவோர் தம் டாக்டரிடமே கேளுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் இதற்கு ஆலோசனை உண்டு.