கிளிக்கி: ஒரு புனைமொழியின் இலக்கணம்

கற்றல் நோக்கங்கள்
1. ஒலி, சொல், விதி ஆகியவை சேர்ந்து மொழியாவதை அறிதல்.
2. இடுகுறி, காரணம், குழூஉக்குறி ஆகிய இலக்கணச் செய்திகளைப் புதிய சூழலில் பொருத்திப் பார்த்தல்.
3. அறியாத மொழியையும் மதித்துக் கேட்கும் பண்பை வளர்த்தல்.

நுழையும்முன்

திருமலையின் அடிவாரத்தில் அமைந்தது அலிபிரி. மலைமேல் செல்லும் ஏறத்தாழ 3550 படிகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. நாள்தோறும் இங்கு வந்துசேரும் அடியார்கள் தெலுங்கு, தமிழ், கன்னடம், மராத்தி, இந்தி எனப் பல மொழிகளைப் பேசுகின்றனர். அறிந்த மொழி செவியில் சொல்லாக விழுகிறது; அறியாத மொழி வெறும் ஓசையாக விழுகிறது. ஓசை எப்போது சொல்லாகிறது? தனி ஒருவர் உருவாக்கிய மொழியொன்றின் வரலாறு இவ்வினாவுக்கு விடை காண உதவுகிறது.

திரையில் ஒலித்த மொழி

எஸ். எஸ். இராஜமௌலி இயக்கிய ‘பாகுபலி’ திரைப்படம் தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே உருவாக்கப்பட்டு, 2015 ஜூலை 10 அன்று வெளியானது. அதன் தெலுங்குப் பதிப்பின் இசை வெளியீட்டு விழா 2015 ஜூன் 13 அன்று திருப்பதியில் நடைபெற்றது. அப்படத்தில் மகிழ்மதி நாட்டின்மீது காலகேயர் என்னும் கூட்டத்தார் படையெடுத்து வருகின்றனர். அவர்கள் பேசுவது தெலுங்கும் அன்று, தமிழும் அன்று, உலகில் எந்த நாட்டு மக்களும் வழிவழியாகப் பேசிவந்த மொழியும் அன்று. அது ‘கிளிக்கி’ என்னும் புனைமொழி. அதனை உருவாக்கியவர், பாடலாசிரியரும் அப்படத்தின் தமிழ் உரையாடல் ஆசிரியருமான மதன் கார்க்கி.

கார்க்கி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்த காலத்தில், பகுதிநேரப் பணியாகக் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டார். அக்குழந்தைகளோடு விளையாடும்போது புதிய மொழி ஒன்றை அமைத்தால் என்ன என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. ஏறத்தாழ நூறு சொற்களோடு பிறந்த அவ்விளையாட்டு மொழிக்குக் ‘கிளிக்’ என்று பெயரிட்டார். பின்னாளில் காலகேயருக்கு ஒரு மொழி தேவைப்பட்டபோது, ‘கிளிக்’ அதற்கு வித்தாயிற்று. அது 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்ட கிளிக்கியாக வளர்ந்தது.

ஒலியும் எழுத்தும்

தமிழ் இலக்கண நூல்கள் எழுத்திலிருந்து தொடங்கிச் சொல்லுக்குச் செல்கின்றன. புனைமொழி படைப்போரும் முதலில் ஒலிகளையே தேர்ந்துகொள்கின்றனர். கிளிக்கியில் நாவைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகளும் இடம்பெறுகின்றன. தமிழரும் பிறர் துன்பம் கேட்டு இரங்கும்போது உச்சுக்கொட்டுகின்றனர். எனினும் அவ்வொலி தமிழில் எழுத்தாவதில்லை. அதனைக் கொண்டு எந்தச் சொல்லும் அமைவதில்லை. தென்னாப்பிரிக்காவில் பேசப்படும் ஜூலு, கோசா ஆகிய மொழிகளிலோ, சொடுக்கொலிகள் ஏனைய மெய்யொலிகளைப் போலவே சொற்களுக்குள் வழங்குகின்றன. ஓர் ஒலி எழுத்தாக ஏற்கப்படுவதும், வெறும் ஓசையாக நின்றுவிடுவதும் அம்மொழி பேசுவோரின் வழக்கைப் பொறுத்தவை.

சொல் பிறக்கும் முறை

கிளிக்கியில் ‘மின்’ என்றால் நான். ‘நிம்’ என்றால் நீ. முதற்சொல்லின் ஒலிகளைப் பின்னிருந்து முன்னாகச் சொன்னால் இரண்டாம் சொல் கிடைக்கிறது. தமிழில் எழுதும்போது ‘ன்’, ‘ந்’ என வேறுபட்டாலும், கிளிக்கியில் அவை இரண்டும் ஒரே ஒலிதான். பேசுவோரும் கேட்போரும் எதிரெதிரே நிற்பதுபோல, அவர்களைக் குறிக்கும் சொற்களும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன.

தமிழில் மண், மரம் போன்றவை இடுகுறிப்பெயர்கள். அப்பெயர்கள் ஏன் வந்தன என்பதற்குக் காரணம் கூற இயலாது. பறவை, நாற்காலி போன்றவை காரணப்பெயர்கள். இவ்வகையில் நோக்கினால், ‘மின்’ என்பது ஆக்கியவர் இட்ட குறி. ‘நிம்’ என்பதற்கோ காரணம் உண்டு. ஒரு சொல்லை நினைவில் கொண்டால் அதன் எதிர்ச்சொல்லும் உடன் வருவதால், கற்போரின் சுமை பாதியாகிறது.

போலந்து நாட்டுக் கண் மருத்துவர் சாமென்ஹோஃப் 1887இல் வெளியிட்ட எஸ்பெராண்டோ மொழியிலும் இத்தகைய சிக்கனம் உண்டு. அதில் ‘போனா’ என்றால் நல்ல. ‘மல்போனா’ என்றால் கெட்ட. ‘மல்’ என்னும் முன்னொட்டு எதிர்ப்பொருள் தருகிறது. தமிழில் ‘அறிவு – அறியாமை’ போன்ற இணைகள் ஒரே வேரிலிருந்து பிறக்கின்றன. ‘இரவு – பகல்’ போன்றவை வெவ்வேறு வேர்களிலிருந்து பிறக்கின்றன.

விதியே மொழியின் முதுகெலும்பு

சொற்களை மட்டும் மாற்றினால் புதிய மொழி பிறந்துவிடுமா? தமிழ்ச் சிறுவர்கள் ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் ‘க’ சேர்த்துப் பேசி விளையாடுவதுண்டு. ‘நீ வா’ என்பது ‘கநீ கவா’ ஆகிறது. கேட்போர் திகைப்பர், ஆயினும் அது தமிழே. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்கும் இத்தகைய சொல்லை இலக்கணம் குழூஉக்குறி என்கிறது. ‘பறியைக் கொண்டு வா’ என்னும் தொடரில் ‘பறி’ மறைபொருள் உடையதாயினும், ‘ஐ’ என்னும் வேற்றுமை உருபும் ‘வா’ என்னும் ஏவல் வினையும் தமிழாகவே உள்ளன. முகமூடி அணிந்தவர் வேறொருவர் ஆகிவிடுவதில்லை.

புனைமொழிக்குத் தனக்கென விதிகள் வேண்டும். எஸ்பெராண்டோவில் பெயர்ச்சொற்கள் ‘ஓ’ என முடியும். பன்மைக்கு ‘ய்’ சேரும். செயப்படுபொருளுக்கு ‘ன்’ சேரும்.

அமிகோ – நண்பன்
அமிகோய் – நண்பர்கள்
அமிகோன் – நண்பனை

தமிழில் ‘கள்’, ‘ஐ’ ஆகியவை செய்யும் பணியை அங்கே ‘ய்’, ‘ன்’ ஆகியவை செய்கின்றன. விதி தெரிந்தவர், முன்பு கேட்டறியாத தொடரையும் தாமே அமைக்கலாம். பிறர் அமைத்ததைப் புரிந்துகொள்ளலாம்.

அச்சம் எங்கே உள்ளது?

குழந்தைகளின் விளையாட்டில் பிறந்த மொழி, திரையில் அச்சமூட்டும் படையினரின் மொழியாயிற்று. போர்க்களத்தில் உரத்த குரலில், வல்லோசையோடு, பொருள் விளங்காமல் கேட்கும்போது அது கொடியதாகத் தோன்றுகிறது. நான், நீ என்னும் சொற்களை அறிந்தபின் அதே மொழி மனிதர் பேச்சாகிவிடுகிறது. பழங்காலக் கிரேக்கர், தமக்கு விளங்காத மொழி பேசியோரைப் ‘பார்பரோஸ்’ என்று அழைத்தனர். அவர்கள் பேச்சு ‘பர்-பர்’ எனக் கேட்டதால் வந்த பெயர் அது. நாகரிகமற்றவர் எனப் பிற்காலத்தில் பொருள் கொள்ளப்பட்ட அச்சொல், கேட்டவரின் அறியாமையிலிருந்தே பிறந்தது.

சாமென்ஹோஃப் பிறந்த பியாலிஸ்டோக் நகரில் போலிஷ், ரஷ்யன், ஜெர்மன், இட்டிஷ் ஆகிய மொழிகளைப் பேசுவோர் ஒருவரையொருவர் ஐயுற்று வாழ்ந்தனர். எவருக்கும் உரியதல்லாத பொதுமொழி ஒன்று இருந்தால் பகை தணியும் என அவர் நம்பினார். எஸ்பெராண்டோ உலகின் பொதுமொழி ஆகவில்லை. ஆயினும் பல நாடுகளில் அதைப் பேசுவோர் உள்ளனர். சில இல்லங்களில் குழந்தைகள் அதைத் தாய்மொழியாகவே கற்கின்றனர். அவ்வாறு பேசுவோரே அதற்கு உயிரளிக்கின்றனர்.

கிளிக்கியைக் கற்பிக்கும் இணையத்தளம், உலகத் தாய்மொழி நாளாகிய பிப்ரவரி 21 அன்று, 2020ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. புதுமொழிக்கு விதிகள் உள்ளன. அதைப் பேசுவோரை அது தேடிச் செல்ல வேண்டியுள்ளது. திருப்பதியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் பயின்று, தமிழை விருப்பமொழியாகக் கற்கும் மாணவர்க்கு இத்தேடல் தேவையில்லை. இல்லத்திலும் பேருந்து நிலையத்திலும் மலைப்படிகளிலும் தமிழ் பேசுவோர் அருகிலேயே உள்ளனர். அவர்களோடு பேசும் வாய்ப்பைத் தவறவிட்டால், வீட்டில் கேட்கும் மொழியும் ஒருநாள் ஓசையாக மட்டுமே எஞ்சும்.

சொல்லும் பொருளும்
புனைமொழி – ஒருவரோ சிலரோ திட்டமிட்டு உருவாக்கிய மொழி
வித்து – விதை, மூலம்
சொடுக்கொலி – நாவைச் சொடுக்குவதால் எழும் ஒலி
ஐயுறுதல் – சந்தேகித்தல்
எஞ்சுதல் – மீதமாதல்

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது
(அ) மங்கலம் (ஆ) இடக்கரடக்கல் (இ) குழூஉக்குறி (ஈ) மரூஉ
2. பின்வருவனவற்றுள் காரணப்பெயர்
(அ) மண் (ஆ) மரம் (இ) நாற்காலி (ஈ) கல்

ஆ. பாடத்தில் கண்ட விதிகளைக் கொண்டு நிரப்புக.
1. எஸ்பெராண்டோவில் ‘உர்போ’ என்றால் நகரம். நகரங்கள் – __________
2. ‘கிராண்டா’ என்றால் பெரிய. சிறிய – __________

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ‘மின்’, ‘நிம்’ ஆகிய சொற்களுக்கிடையே உள்ள தொடர்பு யாது?
2. உச்சுக்கொட்டும் ஒலி தமிழில் ஏன் எழுத்தாகக் கொள்ளப்படுவதில்லை?

ஈ. சுருக்கமாக விடை எழுதுக.
1. ‘கநீ கவா’ என்பது புதிய மொழி ஆகாது. காரணம் கூறுக.
2. ‘அச்சம் மொழியில் இல்லை; கேட்போரின் அறியாமையில் உள்ளது’ – இக்கருத்தை ஏற்கிறீர்களா? பாடச் செய்திகளைக் கொண்டு விளக்குக.

உ. செயல்பாடு
நான்கு மாணவர் கொண்ட குழுவாக அமர்க. பத்துப் பெயர்ச்சொற்கள், ஐந்து வினைச்சொற்கள், பன்மைக்கு ஒரு விதி, எதிர்ச்சொல்லுக்கு ஒரு விதி ஆகியவற்றைக் கொண்டு சிறு புனைமொழி ஒன்றை அமைக்க. அம்மொழியில் மூன்று தொடர்கள் எழுதி அடுத்த குழுவிடம் அளிக்க. விதிகளை மட்டும் கொண்டு அவர்கள் பொருள் காண முடிந்ததா என ஆராய்க.