போதையிலிருந்து மீள்பவரின் கைப்பேசி: குடும்பம் அறிய வேண்டியவை



போதை மறுவாழ்வு மையத்திலிருந்து மகனை வீட்டுக்கு அழைத்து வந்த ஒரு தாய் நம் அலுவலகத்துக்கு வந்து கேட்டார்: "அவன் தூங்கும்போது போனை எடுத்துப் பார்க்கிறேன். எங்கே போகிறான் என்று தெரிய அவனுக்குத் தெரியாமல் ஒரு ஆப் போட்டுவிடலாமா? அது தப்பா?"

அவருடைய பயம் நியாயமானது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதல் சில மாதங்களில்தான் மீண்டும் சறுக்கும் ஆபத்து அதிகம். அவர் நாடிய வழி சரியானதா என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கைப்பேசி உதவுமா?

உதவும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் கஸ்டாஃப்சன் குழுவினர் 'ஏ-செஸ்' என்ற செயலியை உருவாக்கினார்கள். மதுப் பழக்கத்துக்காக மையத்தில் தங்கிச் சிகிச்சை பெற்று வெளியேறிய 349 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் வழக்கமான சிகிச்சையுடன் இந்தச் செயலி உள்ள போனையும் 8 மாதங்களுக்குக் கொடுத்தார்கள். 2014இல் முடிவு வெளியானது. முந்தைய 30 நாட்களில் அளவு மீறிக் குடித்த நாட்கள் செயலி இல்லாதவர்களுக்குச் சராசரியாக 2.75, செயலி வைத்திருந்தவர்களுக்கு 1.39. ஒரு துளியும் ஹராம் என்பதே நம் நிலை. ஆனாலும் விழுந்து எழும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல.

அந்தச் செயலி என்ன செய்தது? தனக்கு ஆபத்தான இடம் எது என்று நோயாளியே அதில் பதிவு செய்வார். அந்தப் பக்கம் நெருங்கினால் போன் அவரை எச்சரிக்கும். மனம் தடுமாறினால் ஒரு பொத்தானை அழுத்தி உதவி கேட்கலாம். வாரம் ஒருமுறை தன் நிலை பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதுவார். அதைக் கொண்டு ஆலோசகர் அவருடன் பேசுவார். வேறு சில சிகிச்சைகளில், மருந்து உட்கொள்வதை நோயாளியே கைப்பேசியில் படமெடுத்து அனுப்புகிறார்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: நோயாளிக்கு எல்லாம் தெரியும், அவர் சம்மதித்திருக்கிறார்.

ரகசியமாகப் பார்த்தால்?

ஒருநாள் அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு இன்னொரு சிம் வாங்குவார். வீட்டில் மட்டுமல்ல, ஆலோசகரிடமும் உண்மை பேசுவதை நிறுத்துவார். போதை சிகிச்சையே "நேற்று எனக்கு ஆசை வந்தது" என்று துணிந்து சொல்வதில்தான் நிற்கிறது. மேலும், ஆப் காட்டுவது இடத்தை மட்டுமே. கடைத்தெருவுக்கு எதற்குப் போனார் என்று அது சொல்லாது. வீட்டில் உட்கார்ந்தபடியே அவர் தவிப்பதும் அதற்குத் தெரியாது.

பிறர் குறைகளைத் துருவித் தேடுவதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. மது அருந்தியதற்காகப் பலமுறை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்ட ஒருவரை வேறொருவர் சபித்தபோது, நபியவர்கள் அதைத் தடுத்தார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. தண்டனை இருந்தது, ஆனால் அவரைச் சபிக்க இடமில்லை. மீண்டும் மீண்டும் சறுக்குபவரை எப்படி நடத்துவது என்பதற்கு இதில் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதைக் கவனிக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. சிகிச்சை விவரங்களின் ரகசியம் காக்கப்படுவதை அது நோயாளியின் உரிமையாக்கியுள்ளது.

குடும்பம் செய்யக்கூடியவை

1. ஆலோசகர் முன்னிலையில் பேசி முடிவெடுங்கள்: எதைப் பார்ப்பது, யார் பார்ப்பது, எத்தனை மாதம்? லொகேஷன் என்றால் லொகேஷன் மட்டும். செய்திகளையும் படங்களையும் திறக்க வேண்டாம்.

2. பார்ப்பவர் ஒருவராக இருக்கட்டும். அது அமானிதம். உறவினர் வாட்ஸ்அப் குழுவுக்கோ மஹல்லாப் பேச்சுக்கோ போகக் கூடாது.

3. போதைப்பொருள் தந்தவர்களின் எண்களை அவரே நீக்கட்டும். அவர் சம்மதித்தால் போன் வழிப் பணப் பரிமாற்றத்துக்கு வரம்பு வையுங்கள்.

4. மனம் தடுமாறும் நேரத்தில் அழைக்க இரண்டு எண்கள் வேண்டும்: வீட்டில் ஒருவர், ஆலோசகர் ஒருவர். 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணையும் பதிந்து வையுங்கள், கட்டணம் கிடையாது.

5. சறுக்கினால் என்ன செய்வது என்று முன்பே பேசி வையுங்கள். அறையில் பூட்டி வைக்காதீர்கள். தொடர்ந்து அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஹெராயின் போன்றவற்றைச் சில காலம் விட்டிருந்தவர் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்று உயிரே போகலாம். முதலில் மருத்துவமனை, கேள்விகள் பிறகு.

18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரின் பொறுப்பு கூடுதல். அங்கும் "உன் போனை நான் பார்ப்பேன்" என்று முன்பே சொல்லிவிட்டுப் பாருங்கள்.

அந்தத் தாயிடம், "ஆப் வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது என்று இன்று இரவு மகனிடமே சொல்லுங்கள்" என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மகனையும் அழைத்துக்கொண்டு ஆலோசகரைப் பார்க்க நாள் கேட்டார்.

குடும்பமாகப் பேச:
• நம் வீட்டில் ஒருவர் தன் தவறைப் பயமில்லாமல் சொல்ல முடிகிறதா?
• மற்றவர் வீட்டுக் குறை காதில் விழுந்தால் நாம் அதை மறைக்கிறோமா, பரப்புகிறோமா?

மீள முயலும் ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் உறுதியையும், அவர்களுடைய குடும்பத்தாருக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.