பெருங்குடற் சத்திரசிகிச்சையும் பழைய வழக்கங்களும்

பெருங்குடலிலே புற்றுநோய் தோன்றிய பகுதியை வெட்டியகற்றி, எஞ்சிய இரு முனைகளையும் பொருத்தித் தைப்பதே இச்சத்திரசிகிச்சையின் சாரமாகும். வெட்டுவதினும் பொருத்துவதே வைத்தியருக்குப் பெருங்கவலை தருவது. பொருத்திய இடம் சில நாட்களில் நெகிழ்ந்து கசியுமாயின், குடலுள் வாழும் கோடிக்கணக்கான பற்றீரியங்கள் வயிற்றறையினுட் பரவி உயிருக்கே இறுதி விளைவிக்கக்கூடும்.

பழைய வழக்கங்கள் பல இவ்வச்சத்தினின்றே பிறந்தன. நோயாளி முதல்நாள் நள்ளிரவு தொடக்கம் பட்டினி கிடப்பார். சிகிச்சை முடிந்தபின் மூக்கின் வழியே இரைப்பைக்குக் குழாய் செலுத்தப்படும். வாயு பிரியும்வரை ஒரு மிடறு தண்ணீரும் கிடையாது. படுக்கையை விட்டெழலும் ஆகாது. வயிறு கீறியவர் அசையாது கிடத்தல் வேண்டுமென நம் இல்லத்துப் பெரியோரும் இன்றுவரை வற்புறுத்துவதுண்டு. பொருத்திய குடலுக்கு ஓய்வு வேண்டுமென்பதே இவற்றுக்குச் சொல்லப்பட்ட நியாயம்.

கேட்பதற்குப் பொருத்தமான நியாயந்தான். ஆயின் உணவு உட்செல்லாதபோதும் உமிழ்நீரும் இரைப்பைநீரும் பித்தநீரும் கணையநீரும் சுரந்தவண்ணமே இருக்கின்றன. பட்டினி கிடப்பவரின் குடலும் ஓய்ந்திருப்பதில்லை. படுக்கையிற் கிடப்பவருக்கோ தசை மெலிகின்றது; சுவாசப்பையிற் சளி தேங்குகின்றது; கால் நாளங்களிற் குருதி கட்டிபடுகின்றது. நோவு தணிக்க வழங்கிய மோர்பின் குடலசைவை மந்தமாக்க, அம்மந்தத்தையே காரணங் காட்டி உணவை மறுத்தமை வியப்பினும் வியப்பு!

டென்மார்க்கு நாட்டுச் சத்திரவைத்தியர் ஹென்றிக் கெலெற் என்பார் இவ்வழக்கங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். முள்ளந்தண்டருகே மெல்லிய குழாய்வழி விறைப்பு மருந்தைச் செலுத்தி மோர்பினைக் குறைத்தார். மூக்குக் குழாயை நீக்கினார். காலந்தாழ்த்தாது உணவளித்து நடக்கச் செய்தார். 2000ஆம் ஆண்டில் அவர் குழுவினர் வெளியிட்ட ஆய்விலே, வயிறு திறந்து பெருங்குடற் பகுதி அகற்றப்பெற்ற 60 பேர் பெரும்பாலும் இரண்டே நாளில் வீடு திரும்பினர். முன்னர் ஒரு கிழமைக்கு மேலாகத் தங்குதலே வழமை. ஆயினும் நூற்றுக்கு 15 வீதத்தினர் மீளவும் வைத்தியசாலை புகுந்தனர் என்பதையும், அவருள் இருவருக்குப் பொருத்து நெகிழ்ந்திருந்தது என்பதையும் அக்குழுவினரே மறையாது எழுதினர். ஒப்பிடுதற்கு வேறொரு குழுவை வைத்து அவ்வாய்வு நடத்தப்படவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

நாளத்தின் வழியே ஏற்றும் நீரின் கதை இன்னும் சுவையானது. தாராளமாக நீரேற்றுதலே நன்றென நெடுங்காலம் கருதப்பட்டது. 2003இல் வெளிவந்த டேனிய ஆய்வொன்றிலே, நீரைக் கட்டுப்படுத்தியவருள் நூற்றுக்கு 33 வீதத்தினருக்கும், வழமைபோல் ஏற்றியவருள் 51 வீதத்தினருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. உடனே பலரும் கட்டுப்பாட்டின் பக்கம் சாய்ந்தனர். 2018இல் ஏறத்தாழ 3000 பேரை ஆராய்ந்த வேறோர் ஆய்வு வெளிவந்தது. அவர்கள் பெருங்குடல் உட்பட வயிற்றுள் பெருஞ் சத்திரசிகிச்சை பெற்றவர்கள். கட்டுப்படுத்திய குழுவில் 8.6 வீதத்தினருக்கும் மற்றைக் குழுவில் 5.0 வீதத்தினருக்கும் சிறுநீரகம் ஊறுபட்டது. பழைய வழக்கத்தைக் கைவிட்டோர் அதன் எதிர்முனைக்கு ஓடியதும் தவறாயிற்று.

இப்பொழுது ஆராய்ச்சி சிகிச்சைக்கு முன்னுள்ள நாட்களை நோக்கித் திரும்பியுள்ளது. 2023இல் வெளியான, நெதர்லாந்தினர் முன்னின்று நடத்திய ஆய்வொன்றிலே 251 பேர் பங்குபற்றினர். ஒரு குழுவினருக்குச் சிகிச்சைக்கு முன் நான்கு கிழமை கடுமையான தேகப்பயிற்சியும், புரதம் மிக்க உணவும், மனத்தைத் தேற்றும் உதவியும் அளிக்கப்பட்டன; புகைப்போர் அதனை விட உதவி பெற்றனர். கடுஞ்சிக்கல்கள் இவர்களுள் 17.1 வீதத்தினருக்கும், பயிற்சி பெறாதாருள் 29.7 வீதத்தினருக்கும் உண்டாயின. புற்றுநோய் இருக்க ஒரு மாதம் காத்திருப்பதா என உறவினர் பதறுதல் இயல்பே. அம்மாதம் வீண்போகவில்லை என்றே இவ்வெண்கள் காட்டுகின்றன. எனினும் கொரோனாப் பெருந்தொற்றினால், திட்டமிட்ட 700க்கு மேற்பட்டோரைச் சேர்க்குமுன்னரே அவ்வாய்வு நிறுத்தப்பட்டமையால், அதன் முடிவை இன்னும் பெரிய ஆய்வுகள் உறுதிசெய்தல் வேண்டும்.