மணமும் மருந்தும்

ஐம்பொறிகளுள் கண்ணையும் செவியையும் போற்றிய அளவுக்குக் கல்வியுலகம் மூக்கைப் போற்றியதில்லை. ஓவியத்துக்கும் இசைக்கும் பள்ளியிற் பாடம் உண்டு. மணத்துக்குப் பாடம் இல்லை. ஆயினும், கோயிலில் எரியும் கற்பூரமும், மாலையில் வீட்டில் இடும் சாம்பிராணியும், பிள்ளைக்குத் தடிமன் கண்டவிடத்துத் தேடும் யூக்கலிப்டஸ் தைலமும் நம் வாழ்வோடு ஒன்றியவை. இக்காலத்தில் மணமூட்டிய மெழுகுதிரிகளும், 'அரோமாதெரப்பி' என்று பெயர் பொறித்த தைலக் குப்பிகளும் கடைகளில் அவற்றோடு வந்து சேர்ந்துள்ளன. இவற்றின் வரலாறு யாது? மகிழ்ச்சி தரும் மணம் மருந்தும் ஆகுமா? இவ்விரு வினாக்களையும் இங்கு ஆராய்வோம். இவற்றை ஆராயுமாறு எம்மைத் தூண்டியது எம்முடைய பிழையொன்றேயாகும். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

புகை

மணத்தை மனிதர் பயன்படுத்திய பழைய முறைகளுள் முதன்மையானது புகையிடுதல். எகிப்திய அரசி ஹட்செப்சுட் கி. மு. 15ஆம் நூற்றாண்டிற் புந்து என்னும் நாட்டுக்குக் கப்பல்களை அனுப்பி, நறும்பிசின் தரும் மரங்களை வேரோடு கொணர்வித்தாள். அச்செய்தி தேர்-எல்-பஹ்ரி என்னும் இடத்திலுள்ள அவளது கோயிற் சுவரிற் சிற்பமாக இன்றும் காணப்படுகின்றது. தென் அரேபியாவிற் பொசுவெலியா மரத்தின் பட்டையைக் கீறி எடுத்த குந்துருக்கம், ஒட்டகச் சாத்துக்களின் வழியே மத்தியதரைக் கடல் நாடுகளை அடைந்தது. தமிழ்மகளிர் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டியமையைச் சங்கச் செய்யுள்களிற் பயின்றோர் நன்கறிவர்.

எகிப்தியர் இட்ட கூட்டுத் தூபத்துக்குக் கைபி என்று பெயர். அதன் செய்முறை எட்பு நகரக் கோயிற் சுவரிற் பொறிக்கப்பட்டுள்ளது. கிரேக்க அறிஞர் புளூட்டாக், அது 16 பொருள்களால் ஆயது என்றும், பகற்பொழுதின் கவலைகளைத் தளர்த்தி உறக்கத்தை வருவிக்கும் என்றும் எழுதினார். இக்கூற்றை மாணவர் நினைவிற் கொள்க. புளூட்டாக் இங்கே பிணி நீங்கும் என்றாரல்லர். மனம் அமைதியுறும் என்றே கூறினார்.

பிற்காலத்தார் அவ்வெல்லையிற் நிற்கவில்லை. 1348ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் ஐரோப்பாவை வாட்டியபோது, பாரிசுப் பல்கலைக்கழக மருத்துவர்கள் அதற்குக் காற்றின் கேட்டையே காரணமாகக் காட்டினர். தீநாற்றம் நோயைத் தருமாயின் நறுமணம் அதனை விலக்கும் என்பது அக்காலத்தார் துணிபு. ஆதலால் மக்கள் மணக்கட்டைகளை எரித்தனர். வாசனைப் பொருள் நிறைத்த சிமிழ்களைக் கையிற் கொண்டு திரிந்தனர். 17ஆம் நூற்றாண்டு மருத்துவர் சிலர் பறவையின் அலகுபோன்ற முகமூடி செய்து, அவ்வலகினுள் மணப்பூண்டுகளைத் திணித்து அணிந்தனர். நோய் அதனால் அகலவில்லை. 1894இல் அலெக்சாந்தர் யெர்சின் ஹொங்கொங்கில் அந்நோயின் கிருமியைக் கண்டார். எலியின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சி அதனைப் பரப்புகின்றது என்பதை 1898இற் சிமொன் காட்டினார்.

முன்னோரை நாம் எள்ளுதல் தகாது. அழுக்குள்ள இடத்தில் நாற்றமும் உண்டு; நோயும் உண்டு. இரண்டும் ஒருங்கே தோன்றுதலால் ஒன்றை மற்றதற்குக் காரணமெனக் கொண்டனர். உடனிகழ்வது வேறு, காரணமாவது வேறு என்பதே இதனால் நாம் பெறும் முதற் பாடம்.

திரி

மெழுகுதிரியின் வரலாறு இதற்கு மாறானது. அது நறுமணத்தோடு தோன்றியதன்று. ஐரோப்பாவில் எளியோர் ஏற்றியது விலங்குக் கொழுப்பால் ஆன திரி. அது புகைந்து நாறியது. தேன்மெழுகுத் திரி இனிய மணமுடையதாயினும் விலையுயர்ந்தது. ஆலயங்களிலும் செல்வர் மனைகளிலுமே எரிந்தது. இலண்டனிற் கொழுப்புத்திரி செய்வோர் 1462இலும், மெழுகுதிரி செய்வோர் 1484இலும் வேறுவேறு சங்கங்களாக அரச பட்டயம் பெற்றமையே இவ்வேற்றுமைக்குச் சான்றாகும்.

இந்நிலையை மாற்றியவர் பிரான்சிய இரசாயனர் செவ்ரூல். கொழுப்பானது கொழுப்பமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த பொருள் என்பதை அவர் 1823இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கொழுப்புத்திரியை அணைக்கும்போது மூக்கை உறுத்தும் நெடி கிளிசரினால் வருவது. அதனை நீக்கி, எஞ்சிய தியரிக் அமிலத்தால் திரி செய்யும் முறைக்கு அவரும் கே-லுசாக்கும் 1825இல் உரிமை பெற்றனர். 1850இல் ஜேம்ஸ் யங் உரிமை பெற்ற பரபின் முறை திரியின் விலையை மேலும் குறைக்க வழிசெய்தது. 1860ஆம் ஆண்டின் இறுதியில் மைக்கேல் பரடே இலண்டனில் இளைஞருக்கு ஆற்றிய விரிவுரைகள் ஒரு மெழுகுதிரியைக்கொண்டே இரசாயனத்தை விளக்கின. எரிவது திண்ம மெழுகன்று, உருகித் திரியில் ஏறி ஆவியான மெழுகே என்பதை அவர் கண்முன் காட்டினார்.

இவ்வாறு நாற்றம் நீங்கிய மெழுகுதிரி, மின்விளக்குப் பரவியபின் தன் பழைய தொழிலை இழந்தது. ஒளிக்காக வேண்டப்படாத திரி, மணத்துக்காக வேண்டப்பட்டது. பாரிசு நகரில் 1961இல் தொடங்கிய தீப்டிக் என்னும் கடை, 1963இல் தன் முதல் மணமெழுகுதிரிகள் மூன்றை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று தேயிலையின் பெயரையும் மற்றொன்று கறுவாவின் பெயரையும் பெற்றன. இலங்கையர்க்கு இவ்விரண்டையும் அறிமுகஞ் செய்தல் வேண்டா. இத்திரிகளிற் சுடரைச் சூழ்ந்து உருகி நிற்கும் மெழுகிலிருந்தே வாசனைத் தைலம் ஆவியாகி அறையிற் பரவுகின்றது.

ஒரு கதையும் எம் பிழையும்

இனி நறுமணச் சிகிச்சைக்கு வருவோம். 'அரோமாதெரப்பி' என்னும் சொல்லைத் தம் நூலுக்குப் பெயராக 1937இல் இட்டவர் றெனே மொறிஸ் கத்தபொசே என்பார். பிரான்சின் லியோன் நகரினர். வாசனைத் தொழில் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த இரசாயனர். அவரைப்பற்றி வழங்கும் கதை இது: ஆய்கூடத்தில் அவர் கை தீப்பற்றியது, அருகிலிருந்த பாத்திரத்தைத் தண்ணீர் என எண்ணிக் கையை அதனுள் அமிழ்த்தினார், அதில் இருந்தது லவண்டர் தைலம், நோவு உடனே தணிந்தது, தழும்புமின்றி ஆறியது.

இக்கதையை வாரவெளியீடொன்றில் வாசித்த யாம், பல ஆண்டுகள் வகுப்பிற் சுவைபடக் கூறிவந்தோம். ஒருநாள் எம் மாணவனொருவன் கையிற் கட்டுடன் வந்தான். சுடுநீர் கொட்டுண்ட கையைக் குளிர்நீரிற் பிடியாது, வீட்டிலிருந்த வாசனைத் தைலத்தைத் தேடிப் பூசியிருக்கின்றான். புண் மிகுந்து மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. "ஐயா சொன்ன கதையை நினைத்துத்தான் பூசினேன்" என்றான். அவன் எம்மைக் குறைகூறவில்லை. "அவர் தம் நூலிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறாரா, ஐயா?" என்று மட்டும் கேட்டான். எம்மிடம் விடையில்லை. மூலநூலை யாம் கண்டதேயில்லை.

பின்னர், 1993இல் வெளிவந்த அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தோம். அவர் எழுதியது வேறு. 1910 ஜூலையில் ஆய்கூட வெடிப்பொன்றில் அவர் உடலிற் தீப்பற்றியது. புற்றரையிற் புரண்டு அதனை அணைத்தார். பின்னர்க் கைப்புண்கள் அழுகத்தொடங்கின. அந்நிலையிலேயே லவண்டர் தைலத்தாற் கழுவி, அழுகல் நின்றது கண்டார். தண்ணீரென மயங்கியதும் இல்லை. எரிந்த கையை உடனே தைலத்தில் இட்டதும் இல்லை. தைலத்தை அவர் அறிந்தே பயன்படுத்தினார்.

அவ்வுண்மைக் கூற்றும் ஒருவரின் அனுபவமேயன்றி முடிந்த நிறுவலன்று. லவண்டர் தைலம் சில கிருமிகளை ஆய்கூடத்திற் கொல்லும் என்பது மெய். ஆயினும், கழுவாத கையொன்று அங்கே ஒப்புநோக்குவதற்கு இருந்ததில்லை. தீப்புண்ணுக்கு இன்று மருத்துவர் கூறும் முதலுதவி, ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் பிடித்தலே. மறுவாரம் அதனை வகுப்பிற் கூறி, எம் பழைய கதை பிழையென்பதையும் மாணவர்முன் ஒப்புக்கொண்டோம்.

நிலைபெறுவது யாது?

கத்தபொசேக்குப் பின், மார்கரீத் மோறி என்னும் அம்மையார் தைலங்களை உடலிற் பிடித்துவிடும் முறையை 1961இல் வெளியிட்ட நூலால் பரப்பினார். இந்தோசீனாவிற் படைமருத்துவராய் இருந்த ஜோன் வல்னே 1964இல் இத்துறையில் நூலியற்றினார். மணத்தை மூக்கு உணரும் முறையை 1991இல் லிண்டா பக், ரிச்சட் அக்செல் ஆகிய இருவர் விளக்கி, 2004இல் நோபெல் பரிசு பெற்றனர். மணவுணர்ச்சி, நினைவுக்கும் உணர்ச்சிக்கும் உரிய மூளைப்பகுதிகளை மிகக் குறுகிய வழியில் அடைகின்றது. பழைய சாம்பிராணி வாசமொன்று இறந்த பாட்டியாரை நம் கண்முன் நிறுத்துவது இதனாலேயே.

சத்திரசிகிச்சைக்குமுன் நோயாளர் கொள்ளும் பதற்றத்தை லவண்டர் மணம் ஓரளவு தணித்தது எனச் சிறிய ஆய்வுகள் சில கூறுகின்றன. மணத்தை மறைத்துச் சோதித்தல் அரிதாதலால் அவற்றிலும் ஐயத்துக்கு இடமுண்டு. மணம் மட்டும் தொற்றுநோயையோ புற்றுநோயையோ மாற்றும் என்பதற்குச் சான்றில்லை. மாறாக, கற்பூரத்தையோ யூக்கலிப்டஸ் தைலத்தையோ சிறுபிள்ளைகள் விழுங்கின் வலிப்பு உண்டாகலாம். அடைத்த அறையில் இடும் புகை ஆஸ்துமா உடையோரை வருத்தும். இவற்றை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் நன்று.

ஈராயிரம் ஆண்டுகளின்பின் எஞ்சி நிற்பது புளூட்டாக் சொன்ன அடக்கமான கூற்றே. மணம் மனத்துக்கு இதமளிக்கும். அம்மட்டில் அது பெரும்பேறு. அதற்குமேல் ஏற்றிய சுமையை அது தாங்கவில்லை.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் மற்றுமொரு பாடம் உண்டு. யாழ்ப்பாணத்தில் தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, செவிவழி வந்ததை அச்சேற்றினாரல்லர். ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மூலத்தைக் காண முயன்றார். அந்நெறி பழம்பாடலுக்கு மட்டும் உரியதன்று. வாரவெளியீட்டிற் காணும் கதைக்கும், தைலக் குப்பியின்மேல் ஒட்டிய வாசகத்துக்கும், ஆசிரியர் வகுப்பிற் சொல்லும் சொல்லுக்குங்கூட அது பொருந்தும். "மூலத்தில் அப்படித்தான் இருக்கிறதா, ஐயா?" என்று கேட்கும் மாணவர் நம் கல்லூரியில் என்றும் குறைவின்றித் தோன்றுவாராக. அவ்வினாவைக் கேட்ட அம்மாணவனுக்கு இவ்விதழ் வாயிலாகவும் எம் நன்றியைக் கூறுகின்றோம்.