ஆங்கிலப் பட்டதாரியும் வேலைவாய்ப்பும்

“இங்கிலீஷ் படித்தவனுக்கு வேலை தேடி வரும்” என்பது நம் அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் கேட்கும் பேச்சு. பெற்றோர் பள்ளியைத் தாண்டாத வீடுகளில், பிளஸ் டூ முடித்த பிள்ளை எந்தப் பாடத்தில் சேர்வது என்பதை இப்பேச்சே முடிவு செய்துவிடுகிறது. அது எவ்வளவு உண்மை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விஞ்ஞான மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். என் பெரியப்பா மகள் பி.ஏ. ஆங்கிலம் முடித்தவர், அவருக்காக விவரம் தேடப் போய் எழுந்தது இக்கட்டுரை.

இந்த நம்பிக்கை ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தது. 1835இல் மெக்காலே ஆங்கிலக் கல்விக்கு வழி வகுத்தார். 1844இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், அரசுப் பணிகளில் ஆங்கிலம் கற்றோருக்கே முன்னுரிமை என்று அறிவித்தார். பட்டத்தையும் உத்தியோகத்தையும் அன்று போட்ட முடிச்சு, நம் பெரியவர்களின் மனத்தில் இன்னும் அவிழவில்லை.

இன்றைய நிலையோ வேறு. தமிழக அரசு 2021 டிசம்பரில் பிறப்பித்த ஆணைப்படி, அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாள் கட்டாயமாயிற்று. குரூப் 4 தேர்வில் முன்பு பொதுத் தமிழ், பொது ஆங்கிலம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 2022 முதல் ஆங்கிலத்துக்கு அங்கே இடமில்லை. தமிழில் 100 வினாக்கள், 150 மதிப்பெண். அதில் 60 பெறாவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். மூன்றாண்டு ஷேக்ஸ்பியரைப் படித்த அக்கா, பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் தேடி எடுத்தது இதனால்தான். இப்பணியில் இளநிலை உதவியாளருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். அகவிலைப்படி முதலியவை தனி. இதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே தகுதி என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆங்கிலம் படித்தோர் பெரிதும் நம்புவது ஆசிரியர் பணியை. அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது. ஆனால் வழி நெடியது. பட்டத்துக்குப் பின் பி.எட். இரண்டாண்டு. பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு. அதன் இரண்டாம் தாளில் உள்ள 150 வினாக்களில் ஆங்கிலத்துக்கு 30 மட்டுமே. ஆங்கிலப் பட்டதாரி சமூக அறிவியலிலோ கணிதம்-அறிவியலிலோ 60 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும்! அதில் தேறினாலும் நியமனத்துக்கு மற்றொரு போட்டித் தேர்வு உண்டு என்பது 2018ஆம் ஆண்டு ஆணை. எம்.ஏ., பி.எட். முடித்து முதுகலை ஆசிரியரானால் தொடக்க அடிப்படை ஊதியம் 36,900. வித்தியாசம் ஐந்நூறு ரூபாய்தான். ஆயினும் அதற்குத் தகுதித் தேர்வு வேண்டாம் என்பது பெரிய ஆறுதல். கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு 57,700. அதற்கு நெட், செட் அல்லது முனைவர் பட்டம் வேண்டும். அவை பெற்றிருந்தும் கௌரவ விரிவுரையாளர்களாகத் தொகுப்பூதியத்தில் பணிபுரிவோர் பலர் என்பதை நம் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வங்கித் தேர்வுகளில் எந்தப் பட்டமும் செல்லும். எழுத்தருக்கு அடிப்படை ஊதியம் 24,050; அதிகாரிக்கு 48,480. எழுத்தர் முதல்நிலைத் தேர்வின் 100 வினாக்களில் ஆங்கிலம் 30. நம்மில் பலர் தடுமாறும் அப்பகுதியில் ஆங்கில மாணவர் முந்தலாம். ஆனால் கணக்கு காலை வாரிவிடும். அரசுக்கு வெளியே, சென்னையிலும் புதுவையிலும் அயல்நாட்டுப் பதிப்பகங்களின் நூல்களைப் பிழைதிருத்தி அச்சுக்கு ஆயத்தம் செய்யும் நிறுவனங்கள் உள்ளன. ஆங்கில இலக்கணத்தையே முதலாகக் கொண்ட தொழில் இது. நம் ஊரில் சிமெண்ட் ஆலைகளை அறிந்த அளவுக்கு இதை அறிந்தவர் இல்லை. எனக்கும் சென்ற ஆண்டுதான் தெரிந்தது.

ஆக, பி.ஏ. ஆங்கிலம் மட்டும் நேரே கொண்டு சேர்க்கும் அரசு நாற்காலி எதையும் நான் காணவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வேறொன்று வேண்டியிருக்கிறது: பி.எட்., கணக்கு, கணிப்பொறி, தமிழ். சேரும் நாளிலேயே இதைச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால், பட்டம் பெற்ற பின் அக்காவுக்கு இரண்டாண்டு வீணாகியிராது. வீட்டில் சொல்லத் தெரிந்தவர் யாருமில்லை.

தட்டச்சர் பணிக்கு ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் தட்டச்சுத் தேர்ச்சி கேட்கிறார்கள். ஊதியம் இளநிலை உதவியாளருக்குரியதே. அக்கா ஆங்கிலத்தில் முதுநிலை தேறிவிட்டார். தமிழில் இளநிலைக்காகத் தினமும் காலை ஏழு மணிக்குத் தட்டச்சு நிலையம் செல்கிறார்.