வண்டி பெட்ரோலை வீணாகக் குடிக்கிறதா? நாமே கண்டுபிடிப்போம்!



குழுக் கடனில் பழைய ஆம்னி வேனோ காரோ வாங்கி வாடகைக்கு ஓட்டும் குடும்பங்கள் உண்டு. கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று வண்டி தினமும் ஓடும். ஆனால் தவணை கட்டும் நாளில் கையில் பணம் இருக்காது. கேட்டால், "எல்லாம் பெட்ரோலுக்கே போச்சு" என்பார்கள். ஏன் அப்படி ஆகிறது? இந்த மாதம் அதைத் தெரிந்துகொள்வோம்.

காரணம் என்ன?

விறகு அடுப்பில் விறகைத் திணித்தால் என்ன ஆகும்? காற்று போதாமல் புகையும், பாத்திரம் கரி பிடிக்கும். இன்ஜினும் அப்படித்தான். 1 கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தோ பெட்ரோல் கூடியோ போனால் பாதி எரிந்த பெட்ரோல் புகையாக வெளியேறும். இதைத்தான் மெக்கானிக் "மிக்சர் ரிச்சா இருக்கு" என்பார்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. மைலேஜ்: டேங்கை நிரப்பி கிலோமீட்டரைக் குறியுங்கள். சில நாள் ஓட்டியபின் மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை, இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுங்கள்.

2. புகை: இன்ஜின் சூடானபின் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் வரும் லேசான வெள்ளைப் புகை வெறும் நீராவி.

3. வாடை: சைலன்சர் பக்கம் பச்சைப் பெட்ரோல் வாடை அடிக்கிறதா?

4. பிளக்: இன்ஜின் ஆறியபின் கழற்றச் சொல்லுங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி அப்பியிருந்தால் சந்தேகம்தான்.

ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவு செய்ய வேண்டாம். டயரில் காற்று குறைந்தாலும், பிரேக் பிடித்துக்கொண்டாலும் மைலேஜ் குறையும். இரண்டு மூன்று அறிகுறிகள் சேர்ந்து வந்தால் மெக்கானிக்கிடம் போங்கள்.

எதை முதலில் பார்ப்பது?

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். கார்புரேட்டர் வண்டியில் ஏர் பில்டர் தூசி அடைத்திருக்கிறதா, சோக் மூடியபடியே நிற்கிறதா என்று பாருங்கள். புதிய வண்டியில் டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தால் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள். புகைச் சான்றிதழ் எடுக்கும்போது கார்பன் மோனாக்சைடு அளவைக் கேளுங்கள். பி.எஸ்.4 பெட்ரோல் காருக்கு அது 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கணக்குப் போடுவோம்

நாளுக்கு 96 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்தால் 6 லிட்டர் போதும். 12 கி.மீ.தான் கொடுத்தால் 8 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் தினம் 200 ரூபாய் வீண். 25 நாளில் 5,000 ரூபாய்! ஒரு தவணையே புகையாய்ப் போகிறது. அது மட்டுமா? எரியாத பெட்ரோல் ஆயிலோடு கலந்து இன்ஜினையும் தேய்க்கும்.

எச்சரிக்கை: மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆனால் உயிரைக் குடிக்கும்.

குழுவில் செய்ய: வண்டிக் கடன் வாங்கிய உறுப்பினர்கள் ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், லிட்டர் மூன்றையும் எழுதி வாருங்கள். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து கணக்குப் பார்ப்போம். ஓட்டுவது யாராக இருந்தாலும் கடன் நம் பேரில்தானே!