காவிரியும் அதனைக் கட்டிய கைகளும்

ஏற்காட்டு ஒண்டிக்கடையினின்றும் புறப்பட்டு, சேலத்துச் சமவெளியை நோக்கிய பாறை விளிம்பை அடைவோமாயின், மேகமற்ற நாளில் மேற்றிசையில் வெள்ளித் தகடு போன்றதொரு நீர்ப்பரப்பு நமக்குப் புலனாகும். அதுவே மேட்டூர் நீர்த்தேக்கம். அதன் அழகைக் கண்டு மகிழ்வோர் பலர். அந்நீரைத் தடுத்து நிறுத்திய கைகள் யாருடையவை என வினவுவோர் சிலரே. அவ்வினாவையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

காவிரியைத் தாய் என்று போற்றுகின்றோம். ஆயினும் தாய் தானே வயலுக்கு நடந்து வருவதில்லை; அவளை அழைத்து வந்தவர் தொழிலாளரே. கல்லணையைக் கரிகாலன் கட்டினான் என்பது வழிவழி வந்த செய்தி. இலங்கை நூலாகிய இராஜாவலியமோ, அந்நாட்டினர் 12,000 பேர் சிறைபிடிக்கப்பட்டுச் சோழநாடு சென்றனர் என்றும், காவிரி வேலைக்கு ஆட்படுத்தப்பட்டனர் என்றும் கூறுகின்றது. இது கதையே எனினும், கரையின் பெருமையோடு கட்டாய உழைப்பின் நினைவும் கலந்து நிற்றல் காண்க.

பிற்காலத்தே காவிரியின் படுகை மணலால் மேடிட, நீர் கொள்ளிடத்தின் வழியே வீணாயிற்று. அதனைத் தடுக்க 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையை அமைத்தார். அணை எழுந்தாலும் ஆண்டுதோறும் வாய்க்காலில் தூர் வாருதலும் கரை உயர்த்துதலும் வேண்டுமன்றோ? ஊரார் கூடிச் செய்த இப்பணி 'குடிமராமத்து' எனப்பட்டது. 1858-ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய வேலைச் சட்டம், கரை உடையும் அபாயத்தில் அண்டையிலுள்ள உழைக்கும் வகுப்பினரை வேலைக்கு அழைக்க அதிகாரிகளுக்கு உரிமை தந்தது. கூலி உண்டு, மறுக்கும் உரிமை இல்லை. விளைவின் பெரும்பங்கு நிலமுடையார்க்கு. வெள்ளத்தில் நிற்கும் கடமை நிலமிலார்க்கு!

மைசூர், சென்னை அரசுகள் 1924-இல் செய்த உடன்படிக்கையின் பின், 1925-இல் மேட்டூர் அணை வேலை தொடங்கி 1934-இல் முடிந்தது. அணையின் நீளம் ஏறக்குறைய 5,300 அடி. தேங்கும் நீரின் முழு அளவு 120 அடி. கல் உடைத்தும் சாந்து சுமந்தும் ஒன்பதாண்டு உழைத்தவர் பல்லாயிரவர். நீர்த்தேக்கமோ ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கியது. நீருள் மூழ்கிய ஊர்களின் கோயில் நந்தியும் ஆலயக் கோபுரமும் நீர் வற்றும் காலத்தில் இன்றும் தலைகாட்டுகின்றன. உழைத்தவர்க்கு அத்தகைய அடையாளமும் இல்லை.

அணைநீர் பாய்ந்த தஞ்சை வயல்களில் பண்ணையாளர் நிலையும் துயருடையதே. 1952-இல் அவர்களைக் காக்கச் சட்டம் பிறந்தது. எனினும், கூலிப் பூசல் முற்றிய கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசையில் எரிந்து மாண்டனர். அடுத்த ஆண்டே நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நீருக்கு மதகு அமைத்த நாடு, நீதிக்கு மதகு திறக்க எத்துணைக் காலம் தாழ்த்தது!

ஆதலின், மாணவர்காள்! அணையின் உயரத்தை மனனம் செய்தல் மட்டும் வரலாற்றுக் கல்வி ஆகாது. நம் ஊர் ஏரிக்கரையில் மண் சுமந்த முதியோர் இருப்பின், அவர்பால் அமர்ந்து கேட்டு எழுதி வைப்போமாக. கல்வெட்டில் இடம் பெறாத பெயர்கள் நம் ஏடுகளிலேனும் இடம் பெறுக.